ஒன்பது சுரம், மூன்று நடுவர்: ஸ்காட்லாந்து நாட்குறிப்பு

நாள் 1: கிளாஸ்கோ

பேரன் பேக்பைப் கற்றுக்கொள்கிறான் என்று அண்ணன் மகள் போனில் சொன்னபோது, டெல்லியில் குடியரசு தின விழா முடிந்த கையோடு பட்டாளத்து பேண்டு ஊதிக்கொண்டு போகுமே, அதுதான் கண்ணில் வந்தது. டிரம் அடிக்கு நடை, நடைக்கு ஊதல். இதற்கா ஒரு பிள்ளை வாரத்தில் இரண்டு சாயங்காலம் செலவழிக்கிறான் என்று தோன்றியது. சொல்லவில்லை. ஊருக்கு வந்த விருந்தாளி வாயை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

இன்று பாடத்துக்குக் கூடவே போனேன். வாத்தியாருக்கு 78 வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் வாத்தியார் என்றே எழுதுகிறேன். இரண்டாம் மாடியில் வீடு, சமையலறை மேசையில் பாடம். பேக்பைப்பைக் காணோம். பையனும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு ஒல்லிக் குழலை எடுத்தார்கள். பை இல்லை, ஒத்து இல்லை. பயிற்சி சான்டர் என்று பெயர். பையனுக்கு முதலில் ஆன்லைனில் வாங்கிய மலிவுக் குழல் பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்ததாம். உலகத்துக் கல்யாண பேண்டுகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகிறது. வாத்தியார் அதை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, பூச்செடிக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றாராம்.

ஊதுவார்கள் என்று பார்த்தால், அவர் பாடினார். குழலை மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, "ஹிஹரின்... ஹோட்ரோ... ஹின்டோ..." பையன் திருப்பிப் பாடினான். மறுபடி அவர். மறுபடி பையன். அரை மணி நேரம் ஒரே வரி.

நான் மாயவரத்துக்காரன். எங்கள் தெருக்கோடியில் நாகசுரக்காரர் வீடு. அங்கே பையன்கள் வாய்ப்பாட்டில் தேறிய பிறகுதான் குழாயைத் தொடலாம். தத்தகாரத்திலேயே வருடம் ஓடிவிடும். கிளாஸ்கோவில் ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி அதே காரியம் நடப்பதைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்த வாய்மொழிக்கு கான்டெராக் என்று பெயர். உயிரெழுத்து சுரத்தைக் காட்டும், மெய்யெழுத்து விரல் அசைவைக் காட்டும். 1797-இல் காலின் கேம்பல் என்பவர் ஐந்து கோடும் புள்ளியும் இல்லாமல், இந்த அசைகளை மட்டுமே வைத்துப் பெரிய கையெழுத்துத் தொகுப்பே எழுதி வைத்திருக்கிறார்.

அசைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று வாத்தியாரே செய்து காட்டினார். பைக்குள் காற்று இருக்கும்வரை ஒலி நிற்காது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. இருப்பது ஒன்பதே சுரம். ஒரே சுரத்தை இரண்டு தடவை ஊத வேண்டுமானால் நடுவில் இன்னொரு விரலை இமைப்பொழுது தூக்கி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். நாகசுரத்தில் மூச்சாலும் உதட்டாலும் சுரத்தை வளைக்கலாம், குழைக்கலாம். இங்கே அந்த வசதி எதுவும் கிடையாது. அழுத்தம், மௌனம், தேம்பல் எல்லாவற்றையும் நீளத்தாலும் வெட்டாலும் மட்டுமே சொல்லியாக வேண்டும்.

"ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைத்தான் நான் 60 வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் வாத்தியார். பிஸ்கட் கொடுத்தார்.

நாள் 2: இன்னும் கிளாஸ்கோ

மெக்ஃபேட்டர் தெருவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் தேசிய பைப்பிங் மையம் இருக்கிறது. 1996-இல் திறந்தது. அருங்காட்சியகம், வகுப்பறைகள், மேலே தங்கும் அறைகள். சுவருக்குச் சுவர் யாராவது ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் அனுதாபம்.

சாயங்காலம் வாத்தியார் தன் கேசட்டுகளைக் காட்டினார். ஸ்டோர்னோவேயில் பிறந்த டொனால்ட் மக்லியாட் பேசியும் பாடியும் பதிவு செய்தவை. சீஃபோர்த் ஹைலேண்டர்ஸ் படையில் பைப் மேஜர், அதாவது பைப் அணித் தலைவர். 1940-இல் பிரான்ஸில் செயிண்ட் வலெரியில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பி வந்தவர். இன்வர்னெஸில் நடக்கும் நார்தர்ன் மீட்டிங் என்ற பைப் போட்டியில் உச்சப் பரிசான க்ளாஸ்ப்பை எட்டு முறை வாங்கியவர். ராணுவத்தை விட்டபிறகு கிளாஸ்கோவில் பைப் செய்யும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, இருநூறுக்கும் மேற்பட்ட பெரிய உருப்படிகளை ஒவ்வொன்றாகப் பாடி, சான்டரில் ஊதிப் பதிந்து வைத்தார். 1982-இல் காலமானார்.

ஒரு கேசட்டைப் போட்டார். எதிரே ஒரு மாணவன் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் பேச்சு. கச்சேரிக் குரல் இல்லை. நடுவில் ஒரு வரியைப் பாடும்போது ஒரு சுரத்தில் எதிர்பார்த்ததைவிட நீளமாக நிற்கிறார். வாத்தியார் அச்சுப் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினார். அதில் அந்த நீளம் இல்லை. காகிதத்தில் எழுத முடியாத நீளம்.

புத்தகம் என்பது இங்கே தனிக்கதை. அந்தப் பெரிய உருப்படிக்கு பிப்ராக் என்று பெயர். 1903-இல் பிப்ராக் சொசைட்டி என்று ஒன்று தொடங்கி, உருப்படிகளைத் தொகுத்து அச்சிட்டார்கள். போட்டிக்கு அதிலிருந்துதான் பட்டியல் வரும். அழியாமல் காப்பாற்றியது அவர்கள்தான் என்று ஒரு கட்சி, உறைய வைத்ததும் அவர்கள்தான் என்று இன்னொரு கட்சி. நம்மூர் சபாக்களில் சண்டை நடக்கும்போது கேட்கும் சுதி அப்படியே.

நாள் 3: ரயில், ஓபன்

குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஓபன் என்னும் கடற்கரை ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். கிரியன்லாரிக்கில் ரயிலை இரண்டாகப் பிரிக்கிறார்கள். எந்தப் பாதியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பின்பாதி வேறு ஊருக்குப் போகும். லாக் ஆவ் ஏரி, கரையில் இடிந்த கோட்டை, மேலே மேகம்.

வாத்தியாரும் வந்தார். அவருடைய மாணவி ஒருத்தி ஓபனில் நடக்கும் ஆர்கைல்ஷயர் கேதரிங் போட்டியில் வெள்ளிப் பதக்கத்துக்கு ஊதுகிறாள். இருபத்திரண்டு வயது, செவிலியர் படிப்பு. ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, முழங்கால் மேல் விரல்களைத் தட்டிக்கொண்டே வந்தாள். பேரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார் ஏணியை விளக்கினார். முதலில் வெள்ளி. அதில் தேறினால் தங்கம். ஓபனில் ஒன்று, இன்வர்னெஸில் ஒன்று. ஒரு தங்கத்தை ஒருவர் ஒரே தடவைதான் வாங்கலாம். வாங்கியவர்கள் அதற்கு மேலே தனியாக மோதிக்கொள்வார்கள்.

"நீங்கள்?" என்று கேட்டேன்.

"27 வருடம் தங்கத்துக்கு ஊதினேன். ஒரு தடவை மூன்றாவது."

சொல்லிவிட்டுச் சாண்ட்விச்சைப் பிரித்தார். அவர் காலத்தில் டொனால்ட் மக்ஃபெர்சன் என்று கிளாஸ்கோக்காரர் ஒருவர் இருந்தார். ஓபனின் முதுநிலைப் பரிசை 15 முறையும் இன்வர்னெஸ் க்ளாஸ்ப்பை 9 முறையும் வாங்கியவர். அவர் வாத்தியச் சுருதி சேர்ந்து நிற்பதைக் கேட்கவே ஆட்கள் வருவார்களாம். அதற்கும் முன்னால் ஜான் பர்ஜஸ், 1950-இல் 16 வயதில் இரண்டு தங்கத்தையும் ஒரே ஆண்டில் தட்டிக்கொண்டு போனவர். "நான் அவர்களுக்கு நடுவில் பிறந்த தபால்காரன்" என்றார்.

எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இசைக்கு எதற்குப் போட்டி? திருவையாற்றில் ஆளாளுக்கு மார்க் போட்டால் எப்படி இருக்கும்? கேட்டேவிட்டேன். குலத்தலைவர்கள் பைப்பர்களுக்கு நிலம் கொடுத்து வைத்திருந்த காலம் 18-ஆம் நூற்றாண்டோடு முடிந்தது என்றார். 1746-இல் குலப்படைகள் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு அந்தப் பழைய ஏற்பாடே சரிந்துவிட்டது. சோறு போட ஆள் இல்லை. 1781-இல் ஃபால்கிர்க்கில் லண்டன் ஹைலேண்ட் சொசைட்டி முதல் போட்டியை வைத்தது. பரிசு இருந்ததால் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். "போட்டி இல்லையென்றால் இதை இன்று நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பீர்கள்."

பதில் இல்லை என்னிடம். ஆனாலும் முழுசாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நாள் 4: போட்டி

காலை ஒன்பதுக்கே அரங்கத்தைச் சுற்றி எல்லா மூலையிலும் ஊதல். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர், குப்பைத்தொட்டி ஓரமாக ஒருவர், கடலைப் பார்த்தபடி ஒருவர். யாரும் யாரையும் கேட்பதில்லை.

உள்ளே நேர்மாறு. மேடை ஓரம் ஒரு மேசை, மூன்று நடுவர்கள், முன்னால் சுரப் புத்தகம். பார்வையாளர் அறுபது பேர் இருந்தால் அதிகம். பலர் மடியிலும் அதே புத்தகம். பல மாதம் முன்பே அறிவித்த பட்டியலிலிருந்து போட்டியாளர் தன் உருப்படிகளை எழுதித் தருவார், நடுவர்கள் அவற்றில் ஒன்றைச் சொல்வார்கள். எது என்று அப்போதுதான் தெரியும். எல்லாம் மனப்பாடம்.

பிறகு சுருதி சேர்ப்பு. தோள்மேல் மூன்று ஒத்துக் குழல், இரண்டு குட்டை, ஒன்று நெட்டை. ஊதிக்கொண்டே ஒரு கையை எடுத்து ஒவ்வொன்றையும் நூலளவு ஏற்றி இறக்குவார்கள். அரங்கத்துச் சூடும் மூச்சின் ஈரமும் சீவாளியைக் குழப்பும். நாலைந்து நிமிடம் இப்படிப் போகும். ஒரு கணத்தில் மூன்றும் ஒன்றாகி, அறையே ஒரு தம்புராவுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். இதுவரை தெருவில் கேட்டது எதுவும் பேக்பைப்பே இல்லை என்று அப்போது பட்டது.

அவர்கள் ஊதுவது பிப்ராக். கேலிக் மொழியில் இதற்கு கியோல் மோர், அதாவது பெரிய இசை. அணிநடை, நடனத்துக்கான மெட்டெல்லாம் கியோல் பெக், சின்ன இசை. நம்மிடம் நாகசுரம் பெரிய மேளம், சதிராட்டம் சின்ன மேளம் என்று பிரித்ததுபோல. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தச் சின்ன மேளத்தில் சுருதிக்குத் துத்தி என்று தோல்பை வாத்தியம் ஊதினார்கள். பழைய சதிர் ஓவியங்களில் நட்டுவனாருக்குப் பக்கத்தில் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் நிற்பார். ஆர்மோனியமும் சுருதிப்பெட்டியும் வந்து அவரைப் படத்திலிருந்து தூக்கிவிட்டன. நம் பை செத்ததற்கும் இவர்கள் பை பிழைத்ததற்கும் இந்தப் பதக்கங்கள்தான் காரணமோ என்ற யோசனையோடு இரண்டு போட்டியாளர்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பிப்ராக் மெதுவாக ஊர்லரில் தொடங்கும். ஊர்லர் என்றால் தரை. அந்த மெட்டின் எலும்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் விரல் வேலை அடர்த்தியாகும். தோர்லுவா, பிறகு க்ரூன்லுவா. உச்சத்தில் விரல்கள் கண்ணுக்குத் தெரியாது. முடிவில் மறுபடி அதே தரை, முதலில் கேட்டதுபோலவே. பத்து நிமிடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். ஊதுகிறவர் மிக மெதுவாக நடப்பார், நிற்பார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்காது. முடிந்ததும் கைதட்டல், நடுவர்கள் பக்கம் ஒரு சின்னத் தலையசைப்பு, வெளியே.

மாணவி பிற்பகலில் ஏறினாள். வாத்தியார் அரங்கத்துக்குள் வரவில்லை. நடைவழியில் கதவுப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் கதவிடுக்கில் நின்றதால் இரண்டையும் பார்க்க முடிந்தது. ஊர்லரின் மூன்றாம் வரியில் அவள் ஒரு சுரத்தில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கேசட்டில் கேட்ட அதே மாதிரி நிற்றல். நடைவழியில் வாத்தியாரின் வலது கை மெல்ல இறங்கியது. உள்ளே ஒரு நடுவர் பென்சிலை எடுத்தார். என்ன எழுதினார் என்று நமக்கெங்கே தெரியும்.

ஐந்து பேர் பெயர் படித்தார்கள். அவள் பெயர் இல்லை.

பேரன் அழுகிற முகமாக இருந்தான். அவள்தான் அவனுக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். பெண்கள் இந்த மேடையில் ஏறத் தொடங்கியதே 1970-களில்தான். ஒரு பெண் முதன்முதலாக இங்கே தங்கம் வாங்கியது 2010-இல், ஃபே ஹெண்டர்சன். அதைப் பேரனிடம் சொன்னது வாத்தியார். சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவள், "அவங்க வீட்டில் அப்பாவும் அம்மாவும் பைப்பர்கள். எங்க வீட்டில் அப்பா பிளம்பர்" என்றாள்.

நாள் 5: மழை

மாஸ்ஃபீல்ட் மைதானத்தில் விளையாட்டு விழா. பைப்பர்கள் ஊர் வழியாக அணியாக நடந்தார்கள். நான் முதலில் நினைத்துக்கொண்டு வந்த பேக்பைப் இதுதான். நனைந்தேன். மிட்ஜ் என்னும் பொடிக்கொசு கடித்தது. மாக்கரோனி அடைத்த பை ஒன்று சைவக்காரர்களுக்குக் கிடைக்கிறது. பசித்தால் சாப்பிடலாம்.

நாள் 7: ஸ்கை தீவு, போரெரெய்க்

வாத்தியாரும் மாணவியும் கிளாஸ்கோ திரும்பிவிட்டார்கள். நாங்கள் மூவரும் காரில் ஸ்கை தீவுக்கு வந்தோம். 1995-இல் பாலம் கட்டிவிட்டதால் படகுக்குக் காத்திருக்க வேண்டாம்.

டன்வேகன் கோட்டையில் மக்லியாட் குலத்தலைவர்கள். அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஊதியவர்கள் மக்கிரிமன் குடும்பம். கோட்டைக்கு எதிர்க்கரையில் போரெரெய்க்கில் அவர்களுக்கு நிலம், அங்கேயே பள்ளி. மற்ற குலத்தலைவர்கள் தங்கள் பைப்பர்களை இங்கே அனுப்பிவைப்பார்கள். ஏழு வருடம் படிப்பு என்று சொல்வழக்கு. குருகுலம்தான், வேறென்ன.

"எங்கே, சித்தப்பா, ஸ்கூல்?" என்றாள் அண்ணன் மகள். இடிந்த சுவர்களும் ஆடுகளும்தான் இருந்தன. மேட்டில் 1933-இல் எழுப்பிய கற்குவியல் நினைவுச்சின்னம். காற்று காதைப் பிடுங்கியது. கீழே கடல்.

குழந்தைகளுக்கான புலம்பல் என்று ஒரு பிப்ராக். பாட்ரிக் மோர் மக்கிரிமன் அமைத்தது என்பது மரபு. எட்டு மகன்களோடு தேவாலயத்துக்குப் போனவர், ஒரே ஆண்டுக்குள் ஏழு பேரை அம்மைக்குக் கொடுத்தார் என்பது கதை. காரில் வரும்போது அதைப் போட்டுக் கேட்டோம். நம்மூர் ஒப்பாரியில் சொல் இருக்கும், மாரடிப்பு இருக்கும். இதில் ஒரு சத்தம்கூட உயராது, உயரவும் முடியாது. ஒரே அளவு ஒலியில் நீளம் மட்டும் மாறுகிறது. எங்கோ ஒரு இடத்தில் எதிர்பார்க்கும் சுரம் வரத் தாமதிக்கிறது. அண்ணன் மகள் காரை ஓரம் கட்டினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பேரன் நினைவுச்சின்னத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சான்டரை எடுத்தான். குளிரில் விரல் வரவில்லை. வைத்துவிட்டுப் பாடினான். அந்த ஒரே வரி. ஆடுகள் நிமிரவில்லை.

நாள் 8, 9, 10

மழை, துணி துவைப்பு, அண்ணன் மகளுக்கு ஆபீஸ் வேலை. எழுத ஒன்றும் இல்லை.

நாள் 11: இன்வர்னெஸ்

நெஸ் ஆற்றங்கரையில் ஈடன் கோர்ட் அரங்கம். நார்தர்ன் மீட்டிங் 1788-இல் பணக்காரர்களின் நடன, விருந்து வாரமாகத் தொடங்கியது. இன்று அதற்குப் பெயர் வாங்கித் தருவது பைப் போட்டிதான்.

இன்வர்னெஸ் என்றால் இந்த உலகத்தில் இன்னொரு பெயர், ஜான் மக்டொனால்ட். 1865-இல் பிறந்து 1953 வரை இருந்தவர். டொனால்ட் மக்லியாட், பால்மோரல் அரண்மனையில் இருந்த ராபர்ட் பிரவுன், ராபர்ட் நிக்கல் எல்லாரும் இவரிடம் வந்து உட்கார்ந்தவர்கள். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் கேட்லாட்ஜ் என்ற சிற்றூரில் இருந்த மால்கம் மக்ஃபெர்சன். புத்தகங்களையெல்லாம் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டுவாராம்.

மாணவி இன்று மறுபடி வெள்ளிக்கு. நடுவர்கள் கேட்டதும் ஓபனில் ஊதிய அதே உருப்படி. இந்த முறை வாத்தியார் உள்ளே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாம் வரி வந்தது. அந்தச் சுரத்தைத் தொட்டாள், நகர்ந்துவிட்டாள். புத்தகத்தில் இருக்கிற அளவு. பக்கத்தில் புத்தகம் வைத்திருந்த பெண்மணி ஒப்புதலாகத் தலையாட்டினார். மீதியெல்லாம் பிசிறில்லாமல், சுருதி கடைசிவரை ஆடாமல் வந்தது.

நான்காவது இடம்.

எல்லோரும் கைகொடுத்தார்கள். வாத்தியாரும் கொடுத்தார். சந்தோஷம்தான் அவருக்கு, பொய் இல்லை. மேசையில் பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்தார். ஓபனில் தோற்றபோது அவர் முகம் இதைவிடத் தெளிவாக இருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நம் கண் நம் கட்சியைத்தான் பார்க்கும்.

நாள் 12: திரும்பும் வழி

ஏ9 சாலையில் ஐந்து பேர் ஒரு காரில். பின்சீட்டில் பேக்பைப் பெட்டி என் மடிமேல். வழியில் கேட்லாட்ஜுக்குத் திரும்பலாமா என்று வாத்தியார் கேட்டார். சாலைச் சந்திப்பு, சில வீடுகள், பின்னால் மலை. பார்க்க ஒன்றுமில்லை. வண்டியை நிறுத்தி முட்டை சாண்ட்விச் சாப்பிட்டோம்.

வாத்தியார் வேலியில் சாய்ந்துகொண்டு அந்த மூன்றாம் வரியைப் பாடினார். நீளமாகவே. அவள் கதவைத் திறந்து வைத்து, கால் வெளியே தொங்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேற்று அங்கே ஏன் சுருக்கினாய்?"

"மூன்று பேர் முன்னாலும் புத்தகம் திறந்திருந்தது, சார்."

வாத்தியார் சிரித்தார். சட்டைமேல் விழுந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு, பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். "செவ்வாய்க்கிழமை ஆறு மணி. புத்தகம் கொண்டுவராதே."

பேரன் தனக்கும் செவ்வாயே வேண்டும் என்றான். அவனுக்கு வியாழன் என்றார்.